டியூப்பில் கரு: ஊசி போட்டுக்கொண்டு ஏற்காட்டுக்குத் திரும்பலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. நாகலூர்ப் பக்கம் வீடு, காப்பி எஸ்டேட்டில் வேலை. மனைவிக்கு 24 வயது, முதல் கர்ப்பம், ஆறு வாரம் ஆகிறது. நாலைந்து நாளாகத் திட்டுத் திட்டாகப் படுகிறது, இடது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி. சேலத்தில் உள்ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது. இடது சினைப்பையை ஒட்டி 2 செ.மீ. அளவில் ஏதோ தெரிகிறது, துடிப்பு இல்லை. பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பத்தில் ரத்தத்தில் ஏறும் ஹார்மோனின் அளவு) முதலில் 1,840, 48 மணி நேரம் கழித்து 2,310. கருக்குழாயில், அதாவது டியூப்பில், கரு தங்கியிருக்கிறது, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் ஊசி போடலாம், ஆனால் முழுசாகச் சரியாகும்வரை சேலத்திலேயே தங்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்பது மூன்று: அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பைக்குள் வைக்க முடியாதா, இத்தனூண்டு விஷயத்துக்கு இவ்வளவு பயம் எதற்கு, ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டு டெஸ்டுக்கு மட்டும் இறங்கி வரலாமா. முதல் இரண்டையும் மூன்றாவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில்: வேண்டாம். கீழேயே தங்குங்கள்.

நான் சேலத்தில் பல வருடங்களாக மகப்பேறு மருத்துவம் பார்ப்பவள். உங்கள் மனைவியை நான் பார்க்கவில்லை, ஸ்கேன் படத்தையும் பார்க்கவில்லை. ஆகவே ஊசியா ஆபரேஷனா என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நேரில் பார்க்காமலேயே பதில் சொல்ல முடியும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு இப்படிக் கர்ப்பப்பைக்கு வெளியே தங்குகிறது. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில்தான். மிச்சம் சினைப்பையில், கர்ப்பப்பை வாயில், பழைய சிசேரியன் தழும்பில், மிக அபூர்வமாக வயிற்றுக்குள் குடலை ஒட்டி. கர்ப்பப்பை என்பது தடித்த தசை. கருவோடு சேர்ந்து விரியும்; பிரசவத்துக்குப் பிறகு சுருங்கி, ரத்தக் குழாய்களை நெரித்து, ரத்தத்தை நிறுத்தும். கருக்குழாய்க்கு அந்தத் திறமை கிடையாது. 10, 12 செ.மீ. நீளம், கர்ப்பப்பைக்குப் பக்கத்துப் பகுதியில் உள்துளை பேனா ரீஃபிலை விடச் சின்னது. கரு எங்கே ஒட்டினாலும் அதன் வேலை ஒன்றுதான்: சுவரைக் குடைந்து தாயின் ரத்தக் குழாயைத் தேடிப் போவது. கர்ப்பப்பையில் அதற்கு இடம் உண்டு. டியூப்பில் ஒரு கட்டத்தில் சுவரையே துளைத்துவிடும். அப்போது ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே கொட்டும். ‘லேசாகத்தானே படுகிறது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வெளியே படுவதை வைத்து உள்ளே நடப்பதை அளக்கவே முடியாது. துணியில் நாலு சொட்டு, வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டர் என்று எத்தனையோ பேரை ஆபரேஷன் தியேட்டரில் பார்த்தாகிவிட்டது.

45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 3 லிட்டர்தான். எஸ்டேட் பகுதியிலிருந்து வரும் பெண்களில் பலருக்கு ரத்தசோகை வேறு இருக்கும். இன்னொரு சிக்கல், இளம் உடம்பு சமாளித்துக்கொண்டே இருக்கும். கால் பங்கு ரத்தம் போகும்வரை பிரஷர் பெரிதாக இறங்காது, நாடி மட்டும் ஓடும். அதற்கப்புறம் திடீரென்று எல்லாம் சரியும். ‘காலையில் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா’ என்று வீட்டில் சொல்வது பொய்யில்லை, உண்மையிலேயே நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்திருப்பாள்.

இப்போது மலை. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. நாகலூரிலிருந்து முதலில் ஏற்காடு வர வேண்டும், பிறகு மலை இறங்க வேண்டும், அப்புறம் கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டி ஆஸ்பத்திரி. வண்டி வீட்டு வாசலில் தயாராக நின்றாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இரவானால், பனி இறங்கினால், மழைக்காலத்தில் பாதையில் மண்ணோ பாறையோ சரிந்தால் கணக்கே வேறு. குப்பனூர் வழி இருக்கிறதே என்பீர்கள், அது சுற்று. டியூப் வெடித்த பெண்ணுக்கு வேண்டியது தியேட்டர், மயக்க மருத்துவர், அவளுடைய வகை ரத்தம், மூன்றும் ஒரே இடத்தில், நடு இரவானாலும். உங்களுக்கு அது சேலத்தில்தான். டவுனில் இருக்கிறவர்கள் இந்த நோயில் பிழைப்பதும் தூரத்தில் இருக்கிறவர்கள் தவறிப்போவதும் பெரும்பாலும் நோயின் தீவிரத்தால் வரும் வித்தியாசம் இல்லை. தியேட்டர் மேஜைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய் இறப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் சரியான நேரத்தில் மேஜைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேர ஆபரேஷன்.

சரி, உங்கள் முதல் கேள்வி. எடுத்து வைக்க முடியாதா? முடியாது. கேட்பதில் தப்பே இல்லை, படித்தவர்களும் கேட்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஓஹியோ மாகாணத்தில் சட்ட மசோதாவிலேயே இதை எழுதிவைத்து, மருத்துவர்கள் எல்லோரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1994-ல் லண்டனில் மால்கம் பியர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், டியூப்பிலிருந்த கருவைக் கர்ப்பப்பைக்கு மாற்றிக் குழந்தையே பிறந்துவிட்டது என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார். விசாரித்தபோது அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். கரு ஒட்டிய இடத்தில் ரத்தக் குழாய்களோடு பின்னிக்கொண்டுவிடுகிறது. பிய்த்தால் அதற்கு உயிர் கிடையாது, திரும்ப ஒட்டவைக்க வழியும் கிடையாது. ‘வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து பிறந்த குழந்தை’ என்று பத்து வருடத்துக்கு ஒரு செய்தி வரும். அது வேறு வகை, வயிற்றறையில் ஒட்டியது. அதில் தாய் இறக்கும் ஆபத்து டியூப் கர்ப்பத்தை விடப் பல மடங்கு அதிகம். அதை நம்பி யாரும் காத்திருக்கக்கூடாது. உங்கள் மனைவியின் விஷயத்தில், இது டியூப் கர்ப்பம் என்று உறுதியானால், குழந்தையைக் காப்பாற்றுவதா தாயைக் காப்பாற்றுவதா என்ற கேள்வியே எழவில்லை. முதலாவதற்கு வழி இல்லை.

‘உறுதியானால்’ என்றேன். இங்கேதான் சந்தேகத்துக்கும் இடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பை காலி என்றாலே டியூப் கர்ப்பம் என்று முடிவு கட்டக்கூடாது. ரொம்ப சீக்கிரம் எடுத்தால் நல்ல கர்ப்பமும் தெரியாது. கர்ப்பம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்ற நிலையில் இருக்கும் நூறு பேரில் கடைசியில் டியூப் கர்ப்பமாக முடிவது 7 முதல் 20 பேர்தான். மற்றவர்களுக்கு ஒன்று கர்ப்பப்பையிலேயே தெரியவரும், இல்லை தானாகக் கலைந்துவிடும். அதனால்தான் உங்கள் டாக்டர் முதல் நாளே ஊசி போடாமல் இரண்டு நாள் இடைவெளியில் ரத்தம் எடுத்தார். உள்ளே நல்ல கர்ப்பம் இருந்து அவசரப்பட்டு ஊசி போட்டால் அதைக் கெடுத்துவிடும். இரண்டாவது டெஸ்ட் எதற்கு, காசு பிடுங்கவா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

பீட்டா எச்.சி.ஜி. ஆரம்பத்தில் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில் இருக்கும் நல்ல கர்ப்பத்தில் 48 மணி நேரத்தில் அந்த எண் குறைந்தது 40 சதவீதமாவது ஏறும். உங்களுக்கு ஏறியது கால் பங்கு, கிட்டத்தட்ட 26 சதவீதம். கலைந்துகொண்டிருக்கும் கர்ப்பமானால் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஏறவும் ஏறாமல் இறங்கவும் இறங்காமல் இழுப்பதும், பக்கத்தில் 2 செ.மீ. கட்டியும், ஒரு பக்க வலியும் சேர்ந்தால் நானும் உங்கள் டாக்டர் நினைத்ததைத்தான் நினைப்பேன். ஆனால் டியூப் கர்ப்பத்திலும் ஐந்தில் ஒருவருக்கு எண் நல்ல கர்ப்பம் போலவே ஏறும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து யாரும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

மருத்துவத்தால் சொல்லவே முடியாத ஒன்றும் இருக்கிறது: எப்போது வெடிக்கும் என்பது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அதிகம். குறுகலான பகுதியில் ஒட்டினால் சீக்கிரமே, கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் மூலையில் ஒட்டினால் தாமதமாக, ஆனால் அங்கே வெடித்தால் ரத்தப்போக்கு படுமோசம். எண் குறைவாக இருந்தும் வெடித்திருக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கும்போதும் வெடித்திருக்கிறது. தானாகவே கரைந்து போவதும் உண்டு. இத்தனை நாள் வெடிக்கவில்லையே, இனிமேல் வெடிக்காது என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த நோய் தெரியாது.

ஊசி மெத்தோட்ரெக்ஸேட். வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்தும் மருந்து. வேறு நோய்களுக்கும் இதைக் கொடுப்பதால் மருந்துக் கடையில் ‘கேன்சர் மருந்தா’ என்று கேட்டுப் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். துடிப்பு இல்லை, எண் 5,000-க்குக் கீழே, கட்டி 3.5 செ.மீ.க்குள், பிரஷரும் நாடியும் நிதானமாக, கல்லீரல் சிறுநீரக டெஸ்ட் சரியாக இருந்தால் இது நல்ல வழி. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு பலன். உங்கள் மனைவி அந்த வரம்புக்குள் வருகிறார். ஆனால் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் இன்னொரு நிபந்தனை, நோயாளி திரும்பத் திரும்ப வந்து காட்டக்கூடியவராக, அவசரம் என்றால் உடனே ஆஸ்பத்திரி வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது. அது முடியாதவர்களுக்கு ஊசியை விட ஆபரேஷனே நல்லது. கீழே தங்கவே முடியாது, வீட்டில் ஆள் இல்லை, லீவு இல்லை என்றால் அதையே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னால் முடிவையே மாற்றிக்கொள்வார். தலையை ஆட்டிவிட்டு மலையேறுவதுதான் மோசம்.

ஊசி போட்ட நாளை ஒன்று என்று எண்ணி நாலாம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் எடுப்பார்கள். நாலாம் நாள் எண் ஏறியிருக்கலாம், பதற வேண்டாம். நாலுக்கும் ஏழுக்கும் நடுவே 15 சதவீதமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு ஊசி, அல்லது ஆபரேஷன். இறங்கினால் எண் பூஜ்யத்தைத் தொடும்வரை வாரம் ஒரு டெஸ்ட்; இரண்டு மூன்று வாரத்தில் முடிவதும் உண்டு, ஆறு எட்டு வாரம் இழுப்பதும் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் பலருக்கு வயிற்று வலி வரும். அது மருந்து வேலை செய்வதால் வரும் வலியாக இருக்கலாம், வெடிப்பின் வலியாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. நாடி, பிரஷர், ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். மலையில் இருந்தால் அந்த வலிக்கு ஒவ்வொரு தடவையும் நடு ராத்திரியில் இறங்குவீர்களா? இறங்க மாட்டீர்கள், ‘விடியட்டும்’ என்பீர்கள்.

ஆரம்பத்தில் கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், அது இந்த மருந்துக்கு நேர் எதிரி. உடம்பு தேறட்டும் என்று உங்கள் அம்மா முருங்கைக்கீரை சூப் வைப்பார். மருந்து வேலை செய்து முடிக்கும்வரை கீரையும் வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் கூடாது. தாம்பத்தியம், பாரம் தூக்குவது, வெயிலில் வேலை எல்லாம் நிறுத்தம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி.

சேலத்தில் தங்கியிருந்தாலும் சிலதைக் கண்டால் காலை வரை காத்திருக்கக்கூடாது. வலி திடீரென்று கூடுவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, வியர்த்துக் கொட்டுவது, வெளிக்கு வருவது போல முட்டிக்கொண்டே இருந்தும் போகாமல் இருப்பது, படுத்தால் தோள்பட்டை நுனியில் வலிப்பது. தோள்பட்டையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வயிற்றில் தேங்கிய ரத்தம் மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தொடும்போது, இரண்டுக்கும் தொடர்புள்ள நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியும். சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு வருவார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து பல வருடம் ஆன ஒரு அம்மா, மலைக் கிராமத்திலிருந்து, ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்தார். அடிவாரம் வருவதற்குள் மயக்கம். ஆபரேஷன் செய்தவருக்குக் கர்ப்பமா என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை. பிழைத்துக்கொண்டார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் மூன்றில் ஒன்று டியூப்பில்தான் இருக்கும். காப்பர் டி வைத்தவர்களுக்கும் கர்ப்பம் வருவது அபூர்வம், வந்தால் டியூப்பில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்: மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி ஸ்கேன் பார்க்காமல் போடுவது இதே வகை ஆபத்து. அந்த மாத்திரை டியூப்பில் இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. ரத்தம் படும், கலைந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள், பத்து நாள் கழித்து வெடிக்கும்.

அப்படி ஏதாவது ஆனால் 108-க்குப் பேசும்போது ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கர்ப்பம், டியூப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மயக்கம் வருகிறது என்று மூன்றையும் சொல்லுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கும்போது வம்பாகும். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, இரண்டும் அவர் தலைமாட்டில் இருக்கட்டும். நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தங்க வசதி, செலவு என்று யோசித்தால் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஊசி, டெஸ்ட், ஆபரேஷன் எல்லாமே இலவசம். உங்களுடையது பெரிய ஜி.எச்.சில் தினமும் பார்க்கிற விஷயம்.

உங்கள் அம்மாவின் பயம் அடுத்தது: டியூப்பை எடுத்துவிட்டால் குழந்தை பிறக்காதே என்பது. பிறக்கும். டியூப்பை எடுத்தவர்களையும், டியூப்பை விட்டு கருவை மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டு ஐரோப்பாவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. மறு டியூப் நன்றாக இருந்தவர்களில், மூன்று ஆண்டுக்குள் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் முதல் வகையில் 56 சதவீதம், இரண்டாம் வகையில் 61 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. டியூப்பை எடுக்கும் ஆபரேஷனை லாசன் டெய்ட் என்பவர் 1883-ல் இங்கிலாந்தில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அதற்கு முன்னால் வெடித்தவர்களில் பெரும்பாலோர் செத்துத்தான் போனார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று மருமகளைக் குடைவதை மட்டும் அம்மா நிறுத்திக்கொள்ளட்டும். பழைய கிருமித் தொற்று, முன்பு நடந்த டியூப் ஆபரேஷன், குழந்தைப்பேறு சிகிச்சை, புகைப்பழக்கம் என்று காரணங்கள் உண்டு, ஆனால் பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. பப்பாளியும் அன்னாசியும் பஸ் பயணமும் காரணம் இல்லை.

ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. ஆகவே அடுத்த முறை நாள் தள்ளியதும் கார்டு டெஸ்ட் பார்த்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்கக்கூடாது. ஆறாவது வாரத்தில் உள்ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இப்போதைக்கு, உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் என்று பதிவு செய்திருந்தால் அவர் வழக்கம்போல இரும்பு, ஃபோலிக் மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் அம்மா அதை அக்கறையாகக் கட்டிச் சேலத்துக்கு அனுப்பிவைப்பார்.